ஜெயசீலனுக்குக் காற்றடித்தவன்

இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு நம்பிக்கை இருந்ததே கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பீர்கள், அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தவன் நான். வெர்னியரை வைத்து அளந்து பார், அளவில் நின்றால் உள்ளே, நிற்காவிட்டால் தூக்கித் தகரப் பெட்டியில் போடு, அவ்வளவுதான் என் வேதாந்தம். திருவேற்காட்டில் சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எங்கள் பக்கத்து எழுப்புதல் கூட்டங்களில் தரையில் விழுந்து புரளுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டு இடத்திலும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றவன். அப்பேர்ப்பட்டவனுக்குத்தான் இது நடந்தது. நடு ராத்திரி, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சாயங்காலம், மேற்கு ஜன்னலில் வெயில் இன்னும் இறங்கியிருக்கவில்லை, கோயில் முழுக்கப் புளியும் மல்லிகையும் மணத்துக்கொண்டிருந்தது.

பூந்தமல்லியில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில். அந்தக் காலத்தில் அங்கே பட்டாளம் இருந்தபோது வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகக் கட்டியது, சுவர் ஒவ்வொன்றும் ஒரு ஆள் படுக்கிற அகலம். எந்தக் கோயில் என்று கேட்காதீர்கள், இப்போது அங்கே வருகிறவர்களுக்கு இது தெரியாது, தெரியவும் வேண்டாம். அதில் ஒரு பைப் ஆர்கன் இருந்தது. அதற்கும் முன்னால் இன்னொன்று இருந்ததாம், கைப்பிடியைச் சுற்றினால் தானே பாடுகிற உருளை ஆர்கன், நாலைந்து பாட்டுதான் தெரியும் அதற்கு, கல்யாணமானாலும் சாவானாலும் அதே பாட்டு. அதைக் கறையான் தின்றது. பிறகு சிப்பாய்களே கூடி வரவழைத்ததுதான் இந்தப் பெரிய ஆர்கன். கப்பலில் பெட்டி பெட்டியாக வந்து, துறைமுகத்திலிருந்து மாட்டு வண்டியில் ஏறி, மழையில் சக்கரம் புதைந்து, எங்கேயோ ஒரு சாவடியில் குழாய்களை வைக்கோலில் படுக்க வைத்து, மழை விடும்வரை காத்திருந்து வந்து சேர்ந்ததாம். நான் நேரில் பார்த்ததில்லை, ஆனாலும் அந்தச் சாவடியை நினைத்தால் எனக்கு மனசு என்னவோ செய்யும். வைக்கோலுக்குள் வெள்ளி நிறக் குழாய்கள், வரிசையாக, தூங்குகிற பிள்ளைகள் மாதிரி, மேலே நம்ம ஊர் மழை.

பட்டாளம் போனது. வெள்ளைக்காரர்கள் போனார்கள். அவர்களுக்குப் பின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வாசித்தன, அவர்களும் ஒவ்வொரு வீடாக ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார்கள். ஆர்கன் மட்டும் எங்கும் போகவில்லை. பேஸ் என்கிற அடிச்சுரத்தைக் காலால் மிதித்து வாசிக்கிற பலகைகள் அதற்கு இருந்தன, அவற்றையும் அவற்றின் மரச்சட்டங்களையும் கறையான் அரித்து, எங்கள் அப்பா காலத்திலேயே பிடுங்கி எறிந்து, அந்த இடத்தில் பலகை அடித்து மூடிவிட்டார்கள். இதை ஞாபகத்தில் வையுங்கள், ஆர்கனைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு மோட்டாரும் மாட்டியிருந்தார்கள், துருத்திக்குக் காற்றடிக்க. பூந்தமல்லி வோல்டேஜ் ஏறி இறங்கியதில் அது புகைந்து போயிற்று. அதனால் எண்பதுகளில்கூட அந்த ஆர்கனுக்கு ஒரு மனிதன்தான் பின்னால் நின்று காற்றடிக்க வேண்டும். அந்த மனிதன் நான்.

வெளியே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு ஆர்கன் என்றால் முன்னால் நிற்கிற தங்கநிறக் குழாய்கள்தான். அதில் பாதி ஊமை, அழகுக்கு நிறுத்தியது. உண்மையான ஆர்கன் உள்ளே இருந்தது. இடது பக்கம் ஒரு குறுகின கதவு, அதைத் திறந்தால் இருட்டு, தோல் வாசனை, வௌவால் எச்சம், நடுவில் பெரிய துருத்தி. ஒரு நீளமான மரப்பிடியை மேலும் கீழும் இழுத்தால் துருத்தி நிரம்பும். எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிய ஒரு நூலில் ஈயக்குண்டு கட்டித் தொங்கவிட்டிருக்கும். காற்று நிரம்பினால் மேலே போகும், தீர்ந்தால் கீழே வரும். பலகையில் கோடு போட்டிருக்கும், அதைத் தாண்டவிட்டால் ஆர்கன் சாகிற ஆடு மாதிரிக் கத்தும், சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கும். உட்புறத்து மரத்தில் காற்றடித்தவர்கள் எல்லாரும் பேரைச் செதுக்கியிருந்தார்கள். மேலே வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பேர், அதற்குக் கீழே ஆங்கிலோ இந்தியப் பையன்கள், அதற்கும் கீழே தமிழில். நானும் ஆணியால் தன்ராஜ் என்று எழுதிவைத்தேன்.

எனக்குச் சங்கீதம் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் காற்று தெரியும். ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு காற்றுக் குடிக்கும் என்று என் தோளுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்திய தபசு நாட்களின் பாட்டுகள் நோயாளி கஞ்சி குடிப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கிறிஸ்துமஸ் பாட்டுகள் வண்டி மாடு தொட்டித் தண்ணீர் குடிப்பது போல, ஈயக்குண்டு தடதடவென்று ஓடும். எல்லாவற்றிலும் அதிகம் குடிப்பது பேஸ் குழாய்கள்தான். மரத்தால் செய்தவை, சவப்பெட்டி மாதிரிச் சதுரமாக, என் தோளுக்குப் பக்கத்திலேயே நின்றன. அவற்றின் வாய் என் முழங்கால் உயரத்தில் இருக்கும். ஒரு குழாய் பேசினால் அதன் வாயிலிருந்து மெல்லிய காற்று என் முழங்காலில் படும். எந்தக் குழாய் பேசுகிறது என்று நான் காதால் கேட்டதைவிட முழங்காலால் கேட்டதுதான் அதிகம்.

வாசித்தவன் ஜெயசீலன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில், தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வேலை. ஆங்கிலோ இந்தியர்கள் வாசிக்கும்போது பக்கத்தில் நின்று விரலைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவன். ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு சைக்கிள், அயப்பாக்கம் ஏரிக்கரை, திருவேற்காடு, கூவத்துப் பாலம். அப்போது கூவத்தில் தண்ணீர் ஓடும், நம்பமாட்டீர்கள், அதில் துணி துவைத்தார்கள். பாலம் தாண்டினால் மல்லிகைத் தோட்டங்கள், பூப் பறிக்கிற பெண்களின் பேச்சுச் சத்தம். ஜெயசீலன் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு அன்றைக்கு வாசிக்க வேண்டிய பாட்டை அந்தரத்தில் வாசித்துக்கொண்டே வருவான்.

"டேய், பள்ளத்துல உழுந்து கைய ஒடிச்சுக்காத."

"கை போனா இன்னா மாமே, நீ வாசி, நா காத்தடிக்கிறேன்."

"எனக்கு இன்னாடா தெரியும்?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்? நீ காத்து நிறுத்திட்டா நா ஊமை. சும்மா கட்டைய தட்டிகினு ஒக்காந்திருப்பேன், கேரம் போர்டு மாதிரி."

அப்படிச் சிரித்துச் சிரித்து வந்த வருஷங்கள். இப்போது அந்தச் சாலையில் ஷேர் ஆட்டோவில் போகும்போது, மல்லிகை எந்த இடத்தில் மணக்கத் தொடங்கும் என்று மூக்கு தானாகவே தேடுகிறது. டயர் கடைதான் வருகிறது.

பவர் பிரஸ்ஸில் விரல் போவது அந்தக் காலத்து எஸ்டேட்டில் அதிசயம் இல்லை. டீக்கடையில் கிளாசைப் பிடிக்கிற கையைப் பார்த்தே யார் எந்த ஷாப் என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஜெயசீலனுக்கு வந்தது. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும், அடியோடு. ஆர்கனில் இடது கைச் சுண்டுவிரல்தான் பேஸைப் பிடிக்கிறது, பாட்டுக்குத் தரை அதுதான். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு உத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமே, இல்லாத வெரலு அரிக்குதுடா. எங்க போயி சொறியறது?" என்று சொல்லிச் சிரித்தான். சிரிப்பு முடிவதற்குள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவன் கோயிலுக்கு வரவில்லை. கம்பெனியில் ஸ்டோரில் உட்காரவைத்தார்கள். இடது கை எப்போதும் பேன்ட் பாக்கெட்டில். சாப்பிடும்போதுகூட. பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. அவனுக்கு அப்பா அம்மா கிடையாது, அக்கா விமலாதான் எல்லாம். ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அதட்டினால் தெருவே எழுந்து நிற்கும். அந்த விமலாக்கா ஒருநாள் எஸ்டேட் கேட்டுக்கே வந்து, என் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது. "ராத்திரில எழுந்து இருட்டுல உக்காந்துக்குறான்டா. அந்தக் கைய மடியில வெச்சுகினு பாத்துகினே கீறான். எனக்குப் பயமா கீதுடா தன்ராஜு," என்றது. விமலாக்கா பயம் என்ற வார்த்தையைச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். கிணறு, ரயில் தண்டவாளம் என்று எங்கள் இருவர் மனசிலும் ஓடியதை இருவரும் வாயால் சொல்லவில்லை.

கோயிலில் அதற்குள் பேச்சு வேறு திசையில் போய்விட்டது. வாசிக்க ஆள் இல்லாத ஆர்கன் எதற்கு, கழற்றிப் போட்டுவிட்டு எலெக்ட்ரிக் கீபோர்டு வாங்கலாம் என்று கமிட்டி முடிவுக்கு வந்திருந்தது. பழைய உலோகம் எடுக்கிற ஆள் ஒருவன் வந்து, முன்வரிசைக் குழாய்களை நகத்தால் டிங் டிங் என்று தட்டிப் பார்த்து, "ஈயம் நல்லா கீதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கழற்றுவதாக ஏற்பாடு. கோயில் வாட்ச்மேன் முனுசாமிக்கு மட்டும் அதில் விருப்பமில்லை. "இந்த வெள்ளக்கார நாயனத்த எட்த்துகினு பூட்டா, உள்ள கீற வவ்வா எல்லாம் எங்க போவும்? எம் ரூம்புக்குத்தான் வரும்," என்றார்.

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவில் வருகிற சனிக்கிழமை மத்தியானம் நாங்கள் கோயிலில் கூடுவது வழக்கம். பித்தளைக் குத்துவிளக்குகள், மெழுகுவர்த்தித் தண்டுகள், சிலுவை எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்க வேண்டும், மல்லிகைச் சரம் கட்டி ஜன்னல்களில் தொங்கவிட வேண்டும். வெள்ளிக்கிழமை முழுக்க ஆர்கனைத் தொடமாட்டார்கள், எங்கள் கோயிலில் அப்படி ஒரு கட்டுப்பாடு. மூடி, கறுப்புத் துணி போட்டுவைத்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் துணியை எடுத்து, மறுநாள் விடியலுக்காக ஒரு பாட்டை வாசித்துப் பார்ப்பார்கள். அந்த வருஷம் துணியை எடுக்க யாரும் இல்லை.

விமலாக்கா அவனை எப்படி அழைத்துவந்தது என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். "வெளக்கு தேய்க்க ஆளு இல்லன்னு சொல்லிக்கீறேன். நீ பாட்டுக்கு ஆர்கன் கீர்கன்னு வாயத் தொறந்த, புளிக் கையாலயே அறைவேன்," என்று என்னை எச்சரித்து வைத்திருந்தது. அதனால் நான் ஆர்கன் பக்கமே பார்க்காமல் பித்தளையைத் தேய்த்தேன். ஜெயசீலன் தரையில் உட்கார்ந்து, ஒரு தண்டை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் தேய்த்தான். இடது கை பாக்கெட்டில். மற்றவர்கள் வேலை முடிந்து ஒவ்வொருவராகப் போனார்கள். போகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்கள்.

அவனே கடைசியில் வெடித்தான். "இன்னா எல்லாரும் இப்பிடிப் பாத்துகினு போறீங்க? நா இன்னா பொணமா?"

"பொணம் இவ்ளோ மோசமா வெளக்கு தேய்க்காது," என்றது விமலாக்கா, தலையை நிமிர்த்தாமல். "பாரு, பச்சை அப்பிடியே கீது."

அவன் சிரித்துவிட்டான். எத்தனையோ மாதம் கழித்து. சிரித்தபடியே எழுந்து, கையைச் சட்டையில் துடைத்து, நேராக ஆர்கனிடம் போய் கறுப்புத் துணியை இழுத்தான். தூசி வெயிலில் பறந்தது.

"அடுத்த வாரம் கழட்டப் போறாங்களாமே," என்றான். "மேல்கைய மட்டும் ஒரு தபா வாசிச்சுப் பாக்கறேன். மாமே, காத்து குடு."

நான் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தேன். துருத்திப் பிடி கைக்கு வந்ததும் தோள் தானே ஞாபகப்படுத்திக்கொண்டது. ஈயக்குண்டு நகர்ந்தது. அவன் உயிர்த்தெழுதல் பாட்டு ஒன்றைத் தொடங்கினான், வலது கை மட்டும், மெதுவாக, ஒவ்வொரு படியாகக் காலை வைத்து இறங்குகிற மாதிரி. இரண்டு குரல்தான் கேட்டது. குண்டு கொஞ்சமாகத்தான் இறங்கியது, நான் பிடியை ஒரு கையாலேயே இழுத்தேன். பிறகு இடது கையையும் வைத்தான் போல, மிஞ்சிய மூன்று விரல்களால், பேஸுக்கு மேலே வருகிற டெனர் குரல் சேர்ந்தது. தரை இல்லாத வீடு மாதிரி இருந்தது அந்தப் பாட்டு, சுவர்கள் மட்டும் அந்தரத்தில். நான் இழுத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டாவது சரணத்தில் ஈயக்குண்டு ஓடத் தொடங்கியது.

முதலில் துருத்தித் தோல் கிழிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தோல் கிழிந்தால் காற்று ஒரே சீராகப் போகும். இது அப்படிப் போகவில்லை, பாட்டின் தாளத்துக்குப் போனது, நிறுத்தி நிறுத்தி, பழைய மாதிரி. இரண்டு கையாலும் பிடியைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் என் முழங்காலில் பட்டது. முதல் மரக்குழாயின் வாயிலிருந்து காற்று. அதற்கடுத்து மூன்றாவது. பிறகு மறுபடி முதலாவது. என் விலா எலும்பு அதிர்ந்தது. பேஸ் முழுசாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் கோயிலின் தரை என் கால்களுக்கு அடியில் மெல்ல உறுமியது.

ஒருவேளை கையைத் திருப்பிப் போட்டுக் கட்டைவிரலால் எட்டிப் பிடிக்கிறான் என்று நினைத்தேன். அப்படியானால் டெனர் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் பலகை விரிசல் ஒன்று உண்டு, காற்றடிக்கிறவன் வெளியே என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொள்ள. கீழ்ச்சுரக் கட்டைகள் அந்தப் பக்கம்தான், கண்ணுக்கு மிகக் கிட்டத்தில். பிடியை விடாமல் சாய்ந்து பார்த்தேன்.

அவன் இடது கை கட்டைகளின் மேல் இருந்தது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். அதற்கப்புறம் ஒன்றுமில்லை, இளஞ்சிவப்பாக மழுங்கிய தோல். அந்தத் தோலுக்கு அப்பால், மஞ்சளேறிய தந்தக் கட்டைகள், வெற்றிடத்துக்குக் கீழே, ஒவ்வொன்றாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தன. சாவி கொடுத்த பொம்மை மாதிரித் திடீரென்று அல்ல. ஒரு விரல் அமுக்கினால் எப்படி இறங்குமோ அப்படி, மெதுவாக, சற்றுத் தயங்கி, பாட்டின் வார்த்தை முடிகிற இடத்தில் விட்டு. அவன் கண்கள் மூடியிருந்தன. கால்கள் இரண்டும் செருப்பில்லாமல் தரையில், அசையாமல். கீழே அடித்த பலகை அடித்தபடி. நான் இன்ஸ்பெக்‌ஷன்காரன், பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்தேன். பயம் அப்போது வரவில்லை, அதைத்தான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. நான் நிறுத்தினால் அது நின்றுவிடும் என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அதனால் இழுத்தேன், தோள் கழன்றுவிடும்போல, கடைசிச் சரணம் வரை இழுத்தேன்.

பாட்டு முடிந்தது. முன் பெஞ்சிலிருந்து விமலாக்காவின் குரல் வந்தது. "பேஸெல்லாம் நல்லாத்தான்டா கீது. மேல்கைதான் தடுமாறுது. வெரலு துரு புடிச்சுப்போச்சு ஒனக்கு."

அவ்வளவு சாதாரணமாக. அக்காவுக்குக் கண்ணாடி போட்டால்தான் தூரத்தில் உள்ளது தெரியும், அன்றைக்குப் புளித் தண்ணீர் தெறிக்கும் என்று கழற்றி வைத்திருந்தது. காதால் கேட்டதில் அதற்கு ஒரு குறையும் தெரியவில்லை. தாளமுடியாமல் அழத் தொடங்கியது பிறகுதான், தான் சொன்னது என்ன என்று புரிந்தபோது. ஆனால் அதைக்கூட அக்கா, தம்பி எப்படியோ சமாளித்து வாசிக்கிறான் என்றுதான் எடுத்துக்கொண்டது.

நான் வெளியே வந்தேன். ஜெயசீலன் எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்து மெல்லக் கேட்டான். "பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்த?"

"கட்ட எறங்குச்சு."

"நாந்தான்டா அமுக்குனேன்." இடது கையை எனக்கு எதிரே நீட்டினான், முதல் தடவையாக, வெளிச்சத்தில். "எனக்குத் தெரியுது மாமே. தந்தம் ஜில்லுனு கீது. அந்த ரெண்டு வெரல்லயும் ஜில்லுனு கீது. அரிப்பு நின்னுப்போச்சு."

"அக்காகிட்ட..."

"வேணாம். அது ஒடனே ஊட்ல ஜெபக் கூட்டம் வெச்சுடும்."

மறுநாள் விடியலில் அவன் வாசித்தான். கமிட்டிக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கு அவன் முதுகுதான் தெரிந்தது. கழற்றும் பேச்சு அடங்கியது. விமலாக்கா அதற்குப் பிறகு எஸ்டேட் கேட்டுக்கு வந்ததில்லை. சாலையில் மறுபடி இரண்டு சைக்கிள், ஏரிக்கரை, பாலம், மல்லிகை. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு அவன் அந்தரத்தில் வாசித்தான், நான் அவன் இடது கையைப் பார்க்காமல் முன்னால் பார்த்து ஓட்டினேன். அந்த வருஷங்களில் நாங்கள் இருந்த சந்தோஷத்தை இப்போது தொட்டால் உடைந்துவிடும் போலிருக்கிறது.

ஒன்று மட்டும் கவனித்தேன். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்திருந்தபோது வேறொருவன் காற்றடித்தான். அன்றைக்குப் பேஸ் இல்லை, மூன்று விரலோடு திணறினான் என்று ஜெயசீலனே வந்து சொன்னான். நான் திரும்பிப் போனதும் வந்துவிட்டது. ஏன் என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசினால் போய்விடுமோ என்று இருவருக்கும் பயம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாரோ நல்ல மனதோடு புது மோட்டார் வாங்கிக் கொடுத்தார்கள். சுவிட்சைப் போட்டால் துருத்தி நிரம்பியது. காற்றடிக்க ஆள் தேவையில்லை. நான் முதல் தடவையாக, என் கல்யாணம் முடிந்த புதிது, மனைவி கிரேஸுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஜெயசீலன் வாசிக்க ஆரம்பித்தான். பேஸ் இல்லை. மேலே மூன்று குரல், கீழே வெறும் மோட்டார் இரைச்சல். அவன் தோள் சரிவது எனக்குத் தெரிந்தது. அப்போது கிரேஸ் என் கையைப் பிடித்தாள்.

"இன்னாங்க, கைய ஏன் ஆட்டுறீங்க?"

என் இடது கை பெஞ்சின் மேல் கிடந்தது. அதன் மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தை அமுக்கிக்கொண்டிருந்தன. ஒன்று, பிறகு மற்றது, நின்று, மறுபடி. நான் செய்யவில்லை. சங்கீதம் தெரியாதவன் நான். நிறுத்திப் பார்த்தேன், நிற்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவையாக ஓய்ந்தன.

ஜெயசீலனிடம் சொன்னேன். என் இடது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "பத்தரமா வெச்சுக்க மாமே," என்றான், ஏதோ குடையைக் கொடுத்துவைத்த மாதிரி. மோட்டாரை நிறுத்திவிட்டு நானே காற்றடிக்கிறேன் என்று சொன்னேன், அவன் வேண்டாம் என்றான். அதற்குள் மூன்று விரலோடு வாசிக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். பேஸ் இல்லாவிட்டாலும் இனி இருட்டில் உட்காரமாட்டான் என்று அவன் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. பிறகு கோயம்புத்தூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனான், கல்யாணம் செய்துகொண்டான், பிள்ளைகள் பிறந்தன. ஒரு மத்தியானம் எஸ்டேட் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்கும் ஒரு பாட்டும் இல்லாமல், என் இரண்டு விரல்கள் மேசையைத் தட்டத் தொடங்கின. அன்று மாலையே எஸ்டிடி பூத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். "இன்னிக்கு மத்யானம் இன்னாடா பண்ணிகினு இருந்த?" என்றேன். "இங்க ஒரு கோயில்ல பழைய ஆர்கன் ஒண்ணு கீது மாமே, இன்னிக்குத்தான் தொட விட்டாங்க," என்றான். பூத்துக்காரன் மீட்டரைக் காட்டும்வரை நான் ரிசீவரைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

பூந்தமல்லி ஆர்கனின் மேல் ஒரு மழையில் கூரை ஒழுகியது, தோல்கள் அழுகின, கடைசியில் கழற்றித்தான் விட்டார்கள். முன்வரிசை ஊமைக் குழாய்கள் மட்டும் அழகுக்கு நிற்கின்றன. அவற்றுக்கு முன்னால் கீபோர்டு. ஜெயசீலனும் சில வருஷங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தான், தூக்கத்திலேயே, கஷ்டமில்லாமல். அடக்கத்துக்குப் போயிருந்தேன். அதோடு என் விரல்களும் அமைதியாகிவிடும் என்று எண்ணினேன், கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அமைதியாகவில்லை. நீங்கள் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், வேண்டுமானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கீபோர்டில் பாட்டுத் தொடங்கியதும் அந்த இரண்டும் எழுந்துகொள்கின்றன. அவன் இருந்த காலத்தில் இல்லாத புதுப் பாட்டுகளுக்குக்கூட. கிரேஸ் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை, மரத்தில் பட்டு நகம் வலிக்குமே என்று தன் கைக்குட்டையை நாலாக மடித்து விரல்களுக்கு அடியில் தள்ளி வைக்கிறாள். அது எனக்குப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். பாட்டு முடியும், கீபோர்டுப் பெண் கையை எடுத்துவிடுவாள், சபை உட்காரும், போதகர் ஜெபத்தைத் தொடங்குவார். என் விரல்கள் மட்டும் கைக்குட்டையின் மேல் நகர்ந்துகொண்டே இருக்கும், இன்னும் ஒரு முழுச் சரணத்துக்கு.